சொந்தமாகச் செய்த கிட்டாருக்கு எந்த பிக்கப் பொருந்தும்?

கடையில் ரெடிமேடாக வாங்காமல், பலகையைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்து, தெரிந்த தச்சரிடம் கொடுத்து எலக்ட்ரிக் கிட்டார் செய்துகொள்கிறவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். ஏற்காடு காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் பாடி, ஆன்லைனில் வரவழைத்த நெக், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், ட்யூனிங் கீ என்று ஒவ்வொன்றாகச் சேரும். கடைசியில் கையில் காசு தீர்ந்துபோய், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பை மட்டும் கிடைத்த மலிவான செட்டாகப் போட்டு முடித்துவிடுவார்கள். கிட்டார் அழகாக வந்திருக்கும். வாசிக்க வாசிக்கத்தான் குறை தெரியவரும். சத்தம் வருகிறது, ஆனால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கவில்லை. அல்லது மேடை ஏறினால் ஒரே இரைச்சல்.

"எந்த பிக்கப் மாத்தலாம் அண்ணா?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். கேட்கிற தம்பிகள் பெரும்பாலும் ஒரு பிராண்டு பெயரை மனதில் முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். கம்பெனி கிட்டார் என்றால் அது ஓரளவு சரி. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலுக்கு என்று விற்கிற செட், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வம்பில்லாமல் உட்கார்ந்துவிடும். ஆனால் நீங்கள் செய்த கிட்டார் எந்த மாடலும் கிடையாது. அதன் குழியின் ஆழம், கம்பிகளின் இடைவெளி, பிக்கப் உட்காரும் இடம் எல்லாமே அதற்கு மட்டும் உரியவை. அதனால் இங்கே வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் கிட்டாரை அளந்துவிடுங்கள். அப்புறம் எங்கே, என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். பிராண்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வரிசையில் போனால் பணமும் மிச்சமாகும், கேட்க நினைத்த சத்தமும் கிடைக்கும்.

பிக்கப் என்ன செய்கிறது

பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் காந்தம் சுற்றும், பக்கத்தில் இருக்கும் காயிலில் மின்சாரம் உண்டாகும், விளக்கு எரியும். கிட்டார் பிக்கப்பிலும் காந்தமும் காயிலும்தான் இருக்கின்றன. ஆனால் காந்தம் அசையாது. மேலே அதிர்கிற இரும்புக் கம்பி, காந்தப் புலத்தை அசைக்கிறது. புலம் மாறும்போது காயிலில் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்துச் சொன்ன அதே விதி. இந்தச் சின்ன மின்னழுத்தத்தைத்தான் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், பெரிதாக்கிக் கொடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் உடனே விளங்கும். கம்பி காந்தத்துக்கு இழுபடுகிற உலோகமாக இருக்க வேண்டும். நைலான் கம்பி போட்டால் பிக்கப் ஊமை. அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலம் சுற்றிய கம்பியைப் போட்டாலும் சரிவராது. அதில் உள்ளே இருக்கிற ஸ்டீல் மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும், மேலே சுற்றிய வெண்கலம் தெரியாது. அதனால் தடித்த கம்பிகள் அமுங்கி, மெல்லிய கம்பிகள் மட்டும் துள்ளும். இரண்டாவது விஷயம், பிக்கப் தன் தலைக்கு மேலே கம்பி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே கேட்கிறது. மரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கம்பியின் அதிர்வு எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த ஓசை சீக்கிரம் தேய்கிறது என்பதில் மரத்துக்கும் கட்டுமானத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் ஸ்பீக்கரில் காதுக்கு உடனே படுகிற வித்தியாசம் பிக்கப்பிலும், அது இருக்கும் இடத்திலும், அதன் பின்னால் இருக்கிற வயரிங்கிலும்தான் அதிகம்.

காயில் கட்டப் பயன்படும் செப்புக் கம்பி பெரும்பாலும் 42 கேஜ், சுமார் 0.063 மில்லிமீட்டர் தடிமன். தலைமுடி அளவுதான். ஒரு சிங்கிள் காயில் பிக்கப்பில் அதை 7,000 முதல் 8,000 சுற்று வரை சுற்றியிருப்பார்கள். நம் ஊரில் பம்புசெட் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டும் கடைகள் நிறைய உண்டு. அறுந்துபோன பிக்கப்பை அங்கே கொடுத்துக் கட்டலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலையின் அடிப்படை ஒன்றுதான். ஆனால் அவர்கள் கையாளும் கம்பி இதைவிடப் பல மடங்கு தடிமன். இவ்வளவு மெல்லிய கம்பியை அறுக்காமல் சுற்றத் தனி மிஷினும் தனிக் கைப்பக்குவமும் வேண்டும். இதற்கென்றே பிக்கப் கட்டுகிறவரிடம் அனுப்புவதுதான் நல்லது.

சிங்கிள் காயில், ஹம்பக்கர், பி-90

சிங்கிள் காயில் என்பது ஒரே காயில். ஓசை தெளிவாக, கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். விரல் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் தெரியும். ஃபெண்டரின் 1950களின் கிட்டார்கள் எல்லாம் இதன் மேல்தான் பெயர் வாங்கின. ஒரு தொல்லை உண்டு. வீட்டில் ஓடும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஓடுகிற ஒவ்வொரு ட்ரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் சுற்றிலும் ஒரு காந்தப் புலத்தைப் பரப்புகிறது. சிங்கிள் காயிலுக்கு அது கம்பியின் அசைவா, கரண்டின் அசைவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடும். அதுதான் நாம் கேட்கும் "ம்ம்ம்" என்ற ஹம்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் அவருடைய ஹம்பக்கர் பிக்கப் கிட்டார்களில் வர ஆரம்பித்தது. உரிமை கைக்கு வந்தது 1959இல். நடுவில் இருந்த காலத்தில் "காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற ஸ்டிக்கரைப் பிக்கப்பின் அடியில் ஒட்டினார்கள். அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள்தான் இன்றும் விலைப்பட்டியல்களில் வரும் "பிஏஎஃப்". அதே சமயத்தில் ரே பட்ஸ் என்பவர் கிரெட்ஷ் கிட்டார்களுக்கு இதே தத்துவத்தில் ஃபில்டர்ட்ரான் பிக்கப்பைச் செய்தார்.

தத்துவம் அழகானது. இரண்டு காயில்களைப் பக்கம் பக்கமாக வைக்கிறார்கள். சிக்னல் இரண்டாவதில் தலைகீழாக வரும்படி இணைத்து, அதன் காந்தத்தின் முனையையும் திருப்பிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஹம்முக்குக் காந்தம் எந்தப் பக்கம் என்பது பொருட்டே இல்லை. ஒரு காயிலில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் வந்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் சத்தமோ இரண்டு முறை தலைகீழாகி மறுபடி நேராகிவிடுகிறது. அதனால் அது கூடுகிறது, ஹம் போய்விடுகிறது. ஓசை தடிமனாக, நடுப்பகுதி நிறைந்து வரும்; உச்ச ஸ்தாயி கொஞ்சம் மழுங்கும்.

பி-90 இந்த இரண்டுக்கும் நடுவில். 1946இல் கிப்சன் கொண்டுவந்தது. ஒரே காயில்தான், ஆனால் அகலமானது. அடியில் இரண்டு பட்டைக் காந்தங்கள். சிங்கிள் காயிலின் உரசலும் ஹம்பக்கரின் உடலும் ஒன்றாகக் கிடைக்கும். ஹம்மும் கூடவே வரும். சொந்தமாகக் கிட்டார் செய்கிறவர்கள் இதை அதிகம் யோசிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஹம்பக்கர் அளவுக் குழியிலேயே உட்காரும்படி பி-90 செய்து விற்கிறார்கள். மரத்தைத் தொடாமலே மாற்றிப் பார்க்கலாம்.

ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் தனிக் குடும்பம். உள்ளேயே ஒரு சின்ன ஆம்ப் இருக்கும், 9 வோல்ட் பேட்டரி வேண்டும், 25 கே (கிலோ ஓம்) வால்யூம், டோன் கண்ட்ரோல்கள் வேண்டும். பேட்டரிக்கு பாடியில் இடம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

எண்களை எப்படிப் படிப்பது

விற்கிறவர்கள் முதலில் காட்டும் எண் டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது காயில் கம்பியின் மின்தடை. ஃபெண்டர் பாணி சிங்கிள் காயிலுக்கு 6 கிலோ ஓம் அளவில், பிஏஎஃப் பாணி ஹம்பக்கருக்கு 7.5 முதல் 8.5 வரை, கனமான ராக் பிக்கப்புகளுக்கு 13, 16 என்று போகும். எண் பெரிதானால் சத்தமும் பெரிது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பாதி உண்மைதான். சுற்று அதிகமானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சத்தமும் ஏறும். ஆனால் 42 கேஜுக்குப் பதில் 43 கேஜ் மெல்லிய கம்பியைச் சுற்றினால், சுற்று ஒன்றுகூடக் கூடாமலே ரெசிஸ்டன்ஸ் நாலில் ஒரு பங்கு ஏறிவிடும். அப்படி ஏறின எண்ணைப் பார்த்து "ஹாட் பிக்கப்", அதாவது பலமான சத்தம் தருவது என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

இன்னொன்று, செம்பின் ரெசிஸ்டன்ஸ் வெப்பத்தோடு மாறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். ஏற்காட்டில் 20 டிகிரிக் குளிரில் 8.0 கிலோ ஓம் காட்டுகிற அதே பிக்கப், சேலத்தில் 38 டிகிரி வெயிலில் 8.5க்கு மேல் காட்டும். பிக்கப் கெட்டுப்போகவில்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. 7.9க்கும் 8.2க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ராத்திரியெல்லாம் யோசிப்பது வீண்.

உண்மையில் ஓசையைத் தீர்மானிப்பது இண்டக்டன்ஸ், அதாவது காயிலின் மின்தூண்டல் அளவு. ஹென்றி என்ற அலகில் சொல்வார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் இதையும் கொடுக்கிறார்கள். கொடுத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஃபெண்டர் பாணி சிங்கிள் காயில் 2.4 ஹென்றி அளவில், பிஏஎஃப் பாணி 4.4 அளவில், கனமான ஹம்பக்கர் 8 அளவில் இருக்கும். இந்த இண்டக்டன்ஸும் உங்கள் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் அளவு) சேர்ந்து, ஓர் இடத்தில் ஓசையைத் தூக்கிவிட்டு, அதற்கு மேலே உள்ளதைச் சரித்துவிடும். 5 மீட்டர் சாதாரண கேபிள் போட்டால் அந்தத் தூக்கல் சிங்கிள் காயிலுக்கு 4,200 ஹெர்ட்ஸ் பக்கம், பிஏஎஃப்புக்கு 3,100 பக்கம், கனமான ஹம்பக்கருக்கு 2,300 பக்கம் விழும். ஒன்று பளிச்சென்றும் ஒன்று இருண்டும் கேட்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

கேபிளும் கணக்கில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 5 மீட்டரை 10 மீட்டராக்கினால் சிங்கிள் காயிலின் தூக்கல் 4,200இலிருந்து கிட்டத்தட்ட 3,100க்கு இறங்கிவிடும். அதாவது, குட்டைக் கேபிளில் ஹம்பக்கர் நிற்கிற இடத்துக்கே வந்துவிடும். வீட்டில் பளிச்சென்று கேட்ட கிட்டார் திருவிழா மேடையில் நீளக் கேபிளில் மங்கலாகக் கேட்கிறது என்றால், பிக்கப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

காந்தத்தில் அல்னிகோ, செராமிக் என்று இரண்டு பெரிய வகை. அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை. அல்னிகோ 5 பலமானது. அடி ஸ்தாயி இறுக்கமாக, மேல் ஸ்தாயி கூர்மையாக வரும். அல்னிகோ 2 பலம் குறைவு. ஓசை உருண்டு, மிருதுவாக இருக்கும். செராமிக் என்றால் மட்டம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மலிவான பிக்கப்புகளில் அதைப் போடுவதால் வந்த பெயர். ஆனால் 1972இல் வந்த டிமார்ஜியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் செராமிக்தான். மாற்றுப் பிக்கப் என்ற சந்தையையே வளர்த்துவிட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அளவு எடுங்கள்

தச்சர் செய்த கிட்டாரில் இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது. ஒரு ஸ்டீல் ஸ்கேலும், முடிந்தால் ஒரு வெர்னியர் காலிபரும் போதும்.

பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு மேலே, தடித்த ஈ கம்பியின் நடுவிலிருந்து மெல்லிய ஈ கம்பியின் நடுவரை எவ்வளவு என்று அளந்து பாருங்கள். கிப்சன் பாணி ஹம்பக்கரில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தெரியும் உலோகத் துருவங்களில், முதல் துருவத்திலிருந்து ஆறாவது வரை 49, 50 மில்லிமீட்டர் இருக்கும். ஃபெண்டர் பாணி ட்ரெமொலோ (கைப்பிடியால் சுருதியை ஆட்டும்) பிரிட்ஜில் கம்பிகள் 52, 53 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். அதற்கென்றே அகலமான ஹம்பக்கர்களை எஃப்-ஸ்பேஸ், ட்ரெம்பக்கர் போன்ற பெயர்களில் விற்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் காதில் பெரிதாகத் தெரியாது. ஓரக் கம்பிகள் துருவத்தை விட்டு முழுசாக விலகியிருந்தால் தெரியும். பிரிட்ஜ் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றே தெரியாத கிட்டார் என்றால், துருவங்களுக்குப் பதில் நீளப் பட்டை வைத்த பிளேடு வகைப் பிக்கப்பைப் பாருங்கள். கம்பி எங்கே ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை.

அப்புறம் உயரம். பாடியின் மேற்பரப்பிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது? நெக்கைச் சாய்த்துப் பொருத்தியிருந்தால் உயரமாக ஓடும்; அப்போது ஹம்பக்கரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ரிங் உயரமானதாக வேண்டும். தாழ்வாக ஓடினால் மெல்லிய ரிங், அல்லது மரத்திலேயே நேராகத் திருகிவிடலாம். ஹம்பக்கரின் இரண்டு பக்கக் கால்களும் குட்டை, நெட்டை என்று இருவகை. குழி ஆழம் போதாமல் நெட்டைக் கால் அடியில் முட்டினால், பிக்கப் மேலே தூக்கிக்கொண்டு கம்பியில் இடிக்கும். வாங்கும் முன்னாலேயே குழியின் ஆழத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தச்சரிடம் மறுபடியும் உளி பிடிக்கச் சொல்வது வண்ணம் பூசின பாடிக்கு நல்லதல்ல.

சிங்கிள் காயில் வாங்கினால் துருவங்களின் உயரத்தைப் பாருங்கள். 1950களில் மூன்றாவது ஜி கம்பி சுற்றுக் கம்பியாக இருந்தது. விரல் வைத்து வாசிக்கும் ஃப்ரெட்போர்டும் நல்ல வளைவு. அதற்கேற்ப ஜிக்குக் கீழே இருக்கும் காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். பழைய மாடலை அப்படியே நகலெடுக்கும் செட்டுகளில் இன்றும் அதே ஏற்றத்தாழ்வு உண்டு. இன்று ஜி வெறும் கம்பி, சொந்தக் கிட்டார்களில் ஃப்ரெட்போர்டு பெரும்பாலும் தட்டையானது. அந்தப் பழைய ஏற்பாட்டில் ஜி மட்டும் கத்தும், பி அடங்கிப் போகும். தட்டையான ஃப்ரெட்போர்டுக்குச் சம உயரத் துருவங்களே சரி.

பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பி குறைவாகத்தான் அசையும், ஓசையும் மெலிந்து கூர்மையாகும். நெக் பக்கம் போகப் போக அசைவு பெரிதாகும், ஓசை உருளும். அதனால்தான் பிரிட்ஜுக்குச் சற்று பலமான பிக்கப்பையும் நெக்குக்குக் கொஞ்சம் அடக்கமானதையும் போடுகிறார்கள். 22 ஃப்ரெட் (ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உள்ள கிட்டாரில் நெக் பிக்கப், கம்பியின் கால்பங்கு நீளம் முடிகிற இடத்தை ஒட்டி வரும். 24 ஃப்ரெட் போர்டு வைத்தால், அந்த இடத்தை ஃப்ரெட்போர்டே பிடித்துக்கொண்டு பிக்கப்பைப் பிரிட்ஜை நோக்கித் தள்ளிவிடும். ஓசை இயல்பாகவே கொஞ்சம் பளிச்சிடும். அந்தக் கிட்டாருக்கு "இனிமையான ப்ளூஸ் நெக் பிக்கப்" என்று யாரோ புகழ்ந்ததை வாங்கினால், அவருக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்காது. அங்கே அல்னிகோ 2 போல மிருதுவான ஒன்று பொருந்தும்.

மேடையின் இரைச்சல்

எங்கே வாசிக்கிறீர்கள் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி லைட் மியூசிக் கச்சேரி நடக்கிற மேடையை யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே சீரியல் செட், பக்கத்தில் டிம்மர் போட்ட விளக்குகள், பின்னால் ஜெனரேட்டர், தரையெல்லாம் கரண்ட் ஒயர். அம்மாபேட்டை பக்கம் பக்கத்து அறையில் தறி மோட்டார் ஓடும் வீட்டில் பயிற்சி செய்தாலும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான். அங்கே சாதாரண சிங்கிள் காயில் படுத்திவிடும். மாறாக, ஏற்காட்டில் ஒரு சர்ச்சில் பாடல் குழுவோடு வாசிக்கிறவருக்குப் பி-90 கூடத் தொல்லை தராமல் இருக்கலாம்.

இரைச்சல் இரண்டு வகை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பிக்கப் மாற்றக் கூடாது. கிட்டாரை மாட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்று திரும்புங்கள். திசை மாறும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது காந்தப் புலம் வழியாக வரும் ஹம். ஹம்பக்கர் அதைத் தீர்க்கும். அடுத்து, கம்பிகளைக் கையால் தொடுங்கள். தொட்டதும் சத்தம் அடங்கினால், அது மின்புலம் வழியாக வரும் "ஸ்ஸ்ர்ர்" என்ற பஸ். அதற்கு மருந்து பிக்கப் அல்ல. குழியின் உட்புறம் முழுக்கச் செப்புத் தகடு டேப் ஒட்டி, அதை கிரவுண்டோடு இணைப்பது. சொந்தமாகச் செய்த கிட்டார்களில் பலவற்றில் இந்த டேப் வேலை நடப்பதே இல்லை. சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் பிக்கப் வாங்குகிறார்கள். தொட்டால் சத்தம் கூடுகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போயிருக்கும், அல்லது ஜாக்கில் இரண்டு ஒயரும் மாறிப்போயிருக்கும்.

இங்கே ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு நேராக இணைந்திருக்கின்றன. மேடையில் எர்த் சரியில்லை என்றால், கம்பியில் கை, மைக்கில் உதடு என்று இருக்கும்போது ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஹம் குறைகிறது என்று சொல்லி ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்க யாரையும் விடாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால்

இருக்கிற பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, துருவத்துக்கும் கம்பிக்கும் நடுவே தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். சிங்கிள் காயிலைக் கிட்டே ஏற்றினால் அதன் காந்தம் கம்பியையே இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நடுங்கும். அப்போது இறக்க வேண்டும். ஏற்காட்டு ஈரத்திலிருந்து சேலத்து வறட்சிக்கு வந்தால் நெக் கொஞ்சம் வளையும், கம்பியின் உயரமும் மாறும். ஆகவே நெக்குக்குள் வளைவைச் சரிசெய்ய இருக்கும் ட்ரஸ் ராடைச் சரிசெய்த பிறகே பிக்கப் உயரத்தைத் தொடுங்கள்.

வால்யூம் கண்ட்ரோலையும் பாருங்கள். வழக்கமாக சிங்கிள் காயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. ஹம்பக்கர் மந்தமாக இருக்கிறது என்று வந்த கிட்டார்களைத் திறந்தால் உள்ளே 250 கே இருப்பதுண்டு. அதை மாற்றினாலே திரை விலகின மாதிரி ஆகிவிடும். விலையும் பிக்கப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இதெல்லாம் செய்தும் மனசுக்கு நிறையவில்லை என்றால், அப்போது வாங்குங்கள்.

என்ன வாங்குவது? லைட் மியூசிக்கில் ஒரே ராத்திரியில் மெல்லிசையும் வேண்டும், குத்துப் பாட்டின் ரிதமும் வேண்டும், நடுவில் ஒரு டிஸ்டார்ஷன் சோலோவும் வரும். அவர்களுக்கு நான் சொல்வது பிரிட்ஜில் மிதமான ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில் அளவுக்குள் அடங்கும் ஹம் இல்லாத வகை. அசல் சிங்கிள் காயிலின் உயிர் கொஞ்சம் குறையும். டிம்மர் விளக்குக்குக் கீழே அந்த இழப்பு தாங்கக்கூடியதுதான். சர்ச்சிலும் வீட்டிலும் சுத்தமான ஓசையில் வாசிக்கிறவர்கள் அசல் சிங்கிள் காயிலோ பி-90யோ தைரியமாகப் போடலாம். மெட்டல் வாசிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் 16 கிலோ ஓம் பிக்கப்பைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அவர்களில் நிறையப் பேர் மல்டி எஃபெக்ட் பிராசசர் வழியாக நேரே மிக்சருக்குப் போகிறார்கள். பிராசசரில் வேண்டிய அளவு கெயின் (சிக்னலைப் பெருக்கும் வசதி) இருக்கிறது. பிக்கப் கத்த வேண்டியதில்லை. இறுக்கமான அடி ஸ்தாயி உள்ள மிதமான செராமிக் அல்லது அல்னிகோ 5 ஹம்பக்கரில் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கும்.

ஹம்பக்கர் எதுவானாலும் நாலு ஒயர் உள்ளதை வாங்குங்கள். ஒரு காயிலை மட்டும் பிரித்துக் கேட்கலாம், இணைப்பையும் திருப்பலாம். ஆனால் பாதி ஹம்பக்கர் அசல் சிங்கிள் காயில் ஆகிவிடாது. சத்தம் மெலியும், ஹம்மும் திரும்பி வரும்.

பொருத்தும்போது

பழைய ஒயரிங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். புதுப் பிக்கப்பை மல்டிமீட்டரில் 20 கே அளவில் வைத்துப் பாருங்கள். ரீடிங்கே வரவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, சால்டர் பிடிக்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம். கண்ட்ரோலின் முதுகில் சால்டர் வைக்கச் சூடு நன்றாக வேண்டும். 25 வாட் அயர்னை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிப்பதைவிட 60 வாட் அயர்னைச் சில நொடி வைத்து எடுப்பது பாகத்துக்கு நல்லது. அதே நாளில் ஃப்ரெட்டை ஸ்டீல் வூல் போட்டு பாலிஷ் செய்யும் எண்ணம் இருந்தால், பிக்கப்புகளை டேப் ஒட்டி முழுசாக மூடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக இணைந்து டேப்புக்குள் போகும், பச்சையும் வெற்று ஒயரும் கிரவுண்ட். டிமார்ஜியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் இணையும், பச்சையும் வெற்று ஒயரும் கிரவுண்ட். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் ஓசை தப்பாகிவிடும்.

இரண்டு கம்பெனிப் பிக்கப்புகளைக் கலந்து போடுகிறவர்கள் கடைசியாக ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் தனியாக நன்றாக ஒலித்து, ஸ்விட்ச்சை நடுவில் வைத்ததும் ஓசை சன்னமாகி மூக்கால் பாடுவது போல ஆகிவிட்டால், இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்குகிறது. இதை சால்டர் பிடிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும். பிக்கப்பின் சிக்னல் ஒயரில் மீட்டரின் சிவப்பு முனையையும் கிரவுண்டில் கறுப்பு முனையையும் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு நுனியைத் துருவங்களின் மேல் சட்டென்று வையுங்கள். அந்த நொடியில் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பிக்கப்பிலும் அதையே செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் நகர்ந்தால் சரி. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், நாலு ஒயர் ஹம்பக்கரில் சிக்னலையும் பச்சை ஒயரையும் மட்டும் இடம் மாற்றுங்கள். வெற்று ஒயர் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.